சுங்கானில் ஒரு பறவைக்கோலா

எதிர்வீட்டில் மீன் ரோல்ஸ் பொரிக்கிற வாசம் கிளம்பிவிட்டால் எங்கள் மாடியில் ஒருவருக்கும் சொந்தச் சமையல் ருசிக்காது. இது என்னுடைய நெடுநாள் முறைப்பாடு. ஐறீனிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்துவிட்டு ஒரு தட்டில் நாலைந்தை வைத்து அனுப்புவாள். முறைப்பாடு அத்தோடு தள்ளுபடி. கொட்டாஞ்சேனையில் இப்படியான ஒருத்திக்கு எதிரில் குடியிருக்கக் கிடைத்தது கொடுப்பினை என்றுதான் நினைக்கிறேன்.

ரோல்ஸ் வாசத்தோடு மரத்தூள் வாசமும் கலந்து வரும். ஐறீனின் கணவர் நோபேட் பல்கணியைத் தகரத்தால் அடைத்து, அதற்குள் ஒரு சின்னக் கடைசல் மெஷினை வைத்து வேலை செய்கிறவர். செய்வது சுங்கான். புகையிலை வைத்துப் புகைக்கிறார்களே, அதுதான். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் சுங்கான் என்கிறேன். அவர்கள் பைப் என்பார்கள். இளம் வயதில் செட்டியார் தெருவில் நகைக்குக் கல் பதித்த கை அது. சுங்கானின் உடம்பில் வெள்ளிக் கம்பியும் சிப்பியும் பதித்துக் கொடியும் பூவும் செய்வார். வெளிநாட்டில் இருந்து போனில் படம் பார்த்து ஓடர் கொடுப்பார்கள். அவர் தானும் சும்மா இருந்தாரா? ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்த சிகரெட்டைப் பற்றவைக்கிற மனிதராக இருந்தார்.

நாகேந்திரத்தார் முதல்முறை எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது நான் அவர்கள் வீட்டு மேசையில்தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தையில் இருந்து வந்திருந்தார். கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர், மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் கனடாவில். மூச்சு வாங்கிக்கொண்டு, கைலேஞ்சியில் சுற்றிய ஒரு மரக்கட்டையை மேசையில் வைத்தார். பிரையர் என்கிற வேர்க்கட்டை. நெருப்புக்கு லேசில் கருகாது, சுங்கானுக்கு அதற்கு மேல் மரமில்லை என்று நோபேட் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இத்தாலித் துறைமுகமொன்றில் வாங்கி, செய்விக்கச் சரியான ஆள் கிடைக்காமல் அத்தனை வருசம் பெட்டிக்குள் வைத்திருந்தாராம்.

“இதில ஒரு மீன் பதிக்கவேணும், தம்பி,” என்றார். “பறவைக்கோலா. நாங்கள் எஞ்சின் அறைக்குள்ள வெந்துபோய்க் கிடப்பம். மேல வந்து சுங்கானைப் பத்தவைச்சா, அது தண்ணிக்கு மேலால பறந்து பறந்து போகும். எனக்குக் கடல் எண்டா அதுதான்.”

குசினிக்குள் இருந்து ஐறீன் தலையை நீட்டினாள். “முகத்துவாரத்தில அதைக் கூடையில வச்சுக் கூவி விக்கிறாங்க, அங்கிள். மரத்தில பதிச்சுத் தாங்க எண்டு கேட்ட ஆளை இப்பத்தான் காணுறன்.”

நோபேட் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அந்தக் கரகரத்த குரலுக்கு நாங்கள் எல்லாரும் பழகிப்போயிருந்தோம். நாகேந்திரத்தார் மட்டும் கையில் எடுத்த ரோல்ஸைத் தட்டில் திருப்பி வைத்தார்.

“உம்மட குரலுக்கு என்ன?”

“தடிமன், சேர்.”

“எவ்வளவு காலமாத் தடிமன்?”

“நத்தாருக்கு முதலே தொடங்கினது,” என்று ஐறீன் முந்திக்கொண்டாள். “இஞ்சியும் கொத்தமல்லியும் அவிச்சு அவிச்சு என்ட கேத்தலும் ஓட்டையாப் போச்சு.”

அப்போது வெசாக் கூடுகள் தெருவில் தொங்கிக்கொண்டிருந்தன; நத்தார் போய் ஐந்து மாதம். நாகேந்திரத்தார் எழுந்து நின்றார். “எஞ்சின்ட சத்தம் மாறினா நாங்கள் கப்பலை நிப்பாட்டிப்போட்டுத்தான் மற்ற வேலை பாப்பம். சட்டையைப் போடும். டொக்டரிட்டப் போவம்.”

நாளைக்குப் பார்ப்போம், அடுத்த கிழமை பார்ப்போம் என்று நோபேட் நழுவப் பார்த்தார். மனிதர் திரும்பக் கதிரையில் இருந்துவிட்டார். “நான் ஏறின படிக்கு ஒரு மரியாதை வேணும். நீர் சட்டை போடும் வரைக்கும் நான் இறங்கமாட்டன்,” என்றார். இன்னொரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். மழை வந்து போனது. கடைசியில் நோபேட் வெட்கத்தில்தான் சட்டையைப் போட்டார்.

அந்தச் சட்டைதான் அவரை உயிரோடு வைத்திருக்கிறது. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில், இன்னும் கொஞ்சம் பிந்தி வந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்றார்கள். குரல்வளையைக் கழற்றிவிட்டு ஆளைத் திருப்பித் தந்தார்கள். தன்னுடைய சுங்கானுக்கு அளவு சொல்ல வந்த ஒரு அந்நிய மனிதர் அடுத்தவனின் தொண்டையைக் காதில் போட்டுக்கொண்டாரே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கும்பிடத் தோன்றும்.

ஆள் வந்தது, குரல் வரவில்லை. கழுத்தின் அடியில் ஒரு துவாரம். மூச்செல்லாம் அதன் வழியாகத்தான். மூக்காலும் வாயாலும் மூச்சுக்காற்று போகாது என்பதால் மணமும் போய்விட்டது. அத்தனை அருமையான ரோல்ஸ் வாசம் அந்த வீட்டிலேயே ஒருவருக்கு இல்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. ஐறீன் துவாரத்தை மூடப் பருத்தித் துணியில் சின்னச் சின்ன மறைப்புகள் தைத்துக் கொடுத்தாள். அவர் உதட்டை அசைத்தால் என்ன சொல்கிறார் என்று உடனே சொல்லிவிடுவாள். எனக்குத்தான் பாதி பிடிபடாது.

கதைக்கப் பழக்குவதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு சிங்கள மிஸ் இருந்தார். வாயால் காற்றை உள்ளே இழுத்து, தொண்டைக் குழிக்குள் தள்ளி, ஏப்பம் மாதிரி வெளியே விட்டு, அந்த ஏப்பத்தில் சொல்லைச் செய்யவேண்டும். ப, த, க என்று அடித்துக்கொண்டு வருகிற எழுத்தில் தொடங்கும் சொற்கள்தான் முதலில் வருமாம். “ஹெமின், ஹெமின், மஹத்தயா”, மெல்ல, மெல்ல, ஐயா என்று அந்தப் பிள்ளை எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தும் நோபேட் வீட்டில் பழகவில்லை. கொட்டாஞ்சேனைக் கல்யாண வீடுகளில் பைலா பாடின மனிதர் அவர். மனைவிக்கு முன்னால் ஏப்பம் விட்டுக் கதை என்றால் எப்படிக் கதைப்பார்? ஐறீன் கெஞ்சினாள், கோபித்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

அவளுக்குத் தனக்கென்று ஒரு கணக்கு இருந்தது. ஒப்பரேசன் நடந்த செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் நேர்த்தி வைத்திருந்தாள். இந்த மனுசனை வீட்டுக்கு அனுப்பும், புகையிலைக்கு உரிய ஒரு சாமானையும் இனி என்ட கையால தொடமாட்டன் என்று. அந்தோனியார் தன் பங்கைச் செய்துவிட்டார். அதனால் செய்து முடித்திருந்த சுங்கான்களை எல்லாம் பக்கத்து வீட்டு நபீஸ் வந்து அள்ளிக்கொண்டு போய் விற்றுக் கொடுத்தார். நோபேட் பேனைக்கும் கைத்தடிக்கும் சிப்பி பதிக்கத் தொடங்கினார். நாகேந்திரத்தாரின் வேர்க்கட்டை மட்டும் அலுமாரிக்கு மேலே, கைலேஞ்சி அவிழாமல் கிடந்தது.

போன ஐப்பசியில் அவரிடமிருந்து போன் வந்தது. மகளோடு போய் இருக்கப் போகிறார்; திரும்பி வருகிற எண்ணம் இல்லை; ஞாயிற்றுக்கிழமை பிளேன், அதற்கு முதல்நாள் வந்து கட்டையை எடுத்துக்கொள்கிறேன் என்றார். கட்டையை மட்டும். சுங்கானைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. ஐறீன் போனை வைத்து நிமிர்வதற்குள் நோபேட் கதிரையில் ஏறிக் கட்டையை இறக்கிவிட்டார்.

“என்ன செய்யப் போறீங்க?” என்று ஐறீன் கேட்டாள்.

அவர் கட்டையை மெஷின் பக்கம் காட்டினார்.

“இஞ்ச பாருங்க. அந்த மனுசன் இல்லாட்டி நான் இண்டைக்குக் கறுப்புச் சாறி. அவருக்கு நாங்க செய்யிற கைம்மாறு இதா? எங்களுக்கு உயிர் தந்தவருக்கு நெஞ்சுக்குள்ள புகை விட ஒரு சாமான் செஞ்சு குடுக்கிறதா? நீங்க பட்டது காணாதா?”

“கேட்டவர்,” என்று நோபேட் வாயசைத்தார்.

“பிள்ளை நெருப்பைக் கேட்டாலும் குடுப்பீங்களா? ஒரு நல்ல கைத்தடி செஞ்சு குடுங்க. அதில அந்தக் கோலா மீனைப் பதியுங்க. ஆர் வேணாம் எண்டது?”

நோபேட் கட்டையை மெஷினடியில் வைத்தார்.  பிறகு கழுத்துத் துணியைத் தொட்டுக் காட்டி, மெல்ல, எனக்கும் விளங்கும்படி வாயசைத்தார். “அவருக்கு நான் வேற எப்படிச் சொல்றது?”

ஐறீன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “செய்யுங்க,” என்றாள். “என்ட கை மட்டும் அதில படாது. சொல்லிப்போட்டன்.”

அந்தக் கிழமை முழுதும் பின்னேரமானால் மழை. துறைமுகப் பக்கம் இருட்டிக்கொண்டு வரும். இடியோடு கொட்டிவிட்டு, விட்டதும் தெருவெல்லாம் மீனும் சேறும் மணக்கும். நோபேட் விடிய எழும்பி, வெளிச்சம் இருக்கும்போதே வேலை செய்தார். கட்டையை அறுத்து, குடைந்து, கிண்ணமும் தண்டுமாக உருவத்தைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் மீன். சிப்பியை நபீஸ் கொண்டுவந்து தந்திருந்தார். நீலமும் பச்சையும் ஓடுகிற ஒரு துண்டைத் தேர்ந்து, தலைமயிர் மாதிரியான வாளால் மீனின் சிறகுச் செட்டையை வெட்டினார். சிப்பித் தூள் துவாரத்துக்குள் போனால் ஆபத்து என்பதால் எல்லாவற்றையும் தண்ணீருக்குள் வைத்துத்தான் தேய்ப்பு. ஐறீன் இரட்டைத் துணியில் ஒரு மறைப்புத் தைத்து, ஒன்றும் சொல்லாமல் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது துணி, சுங்கானுக்கு உரிய சாமான் அல்ல.

செட்டையின் வடிவத்தை ஊசியால் மரத்தில் கீறி, அந்தக் கீறலுக்குள் மட்டும் மரத்தைச் சுரண்டி எடுத்து, சிப்பியை அதற்குள் இருத்தினார். இடைவெளிக்கு அதே மரத்தின் தூளும் பசையும். உடம்புக்கு வெள்ளிக் கம்பி: மரத்தில் ஒரு வெட்டு, அதற்குள் கம்பியை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி இறக்குவது. சிப்பியாலேயே செய்த வால் தண்டின் மேல் நீண்டு, வாய்க்குழல் வந்து பொருந்துகிற இடம் வரைக்கும் போனது. எண்ணெய் போட்டுத் துடைத்து அவர் ஜன்னலுக்கு நேரே பிடித்தபோது அந்தச் செட்டை உண்மையிலேயே ஈரமாக மின்னியது. நான் பார்த்த வகையில் அது பறந்துகொண்டுதான் இருந்தது.

வியாழக்கிழமை பின்னேரம் நபீஸ் வந்தார். பேருவளைக்கு மாணிக்கக்கல் வாங்கப் போகிற அவசரத்தில், சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்.

“எனத்த அண்ணன் இது, மீன் உசிரோட ஈக்கி,” என்று சுங்கானைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனிதர் வாழ்க்கையில் ஒரு பீடி தொட்டவரல்ல. வேடிக்கைக்கு வாயில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார்.

சுங்கான் விசிலடித்தது.

மெல்லியதாக, கேத்தல் கொதிக்கத் தொடங்குகிற மாதிரி. நபீஸ் சிரித்தார். நோபேட்டின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

நல்ல சுங்கான் சத்தம் போடாது. அதற்காகத்தான் செய்கிறவன் கடைசியில் வெறும் சுங்கானை வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பது. நோபேட் முன்பெல்லாம் ஒவ்வொன்றையும் அப்படிப் பார்த்தவர். இப்போது வாயால் இழுக்க அவரிடம் மூச்சு இல்லை. ஐறீனிடம் கேட்க முடியாது. அதனால் பிரஷர் பார்க்கிற கருவியின் ரப்பர் பந்தை எடுத்து, வாய்க்குழலில் மாட்டி, அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறார். காற்று சத்தமில்லாமல் போயிருக்கிறது. ஆனால் பந்து ஊதும். ஊதுவது வேறு, இழுப்பது வேறு. வாய்க்குழல் மரத்துக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு விளிம்பு மிச்சம் நின்றிருந்தது. உள்ளே ஊதின காற்று அதைத் தாண்டிப் போய்விட்டது. வெளியே இழுத்த காற்று அதில் முட்டிக் கத்திவிட்டது.

“அப்ப அதைக் கொஞ்சம் சீவி விட்டாச் சரிதானே?” என்றார் நபீஸ்.

நோபேட் தலையாட்டினார். பிறகு விரலை மீனின் வாலில் வைத்தார். அந்த விளிம்புக்கு நேர் மேலேதான் வால். வெளியே சிப்பிக்காகக் குடைந்தது, உள்ளே வாய்க்குழலுக்காகக் குடைந்தது; நடுவில் மிஞ்சியிருப்பது ஒரு கடதாசி அளவு மரம். மீனைப் பதிக்க முன்னம் தெரிந்திருந்தால் நாலு நிமிட வேலை. இப்போது கை வழுக்கினால் வால் தெறிக்கும். வேறு வேர்க்கட்டை கொழும்பில் எங்கே இருக்கிறது?

“எவ்வளவு சீவினா விசில் நிக்கும் எண்டு எப்படித் தெரியும்?” என்று நான் கேட்டேன்.

சீவிச் சீவி இழுத்துப் பார்க்கவேண்டும் என்று கையால் காட்டினார் நோபேட். சீவ அவர் இருக்கிறார். இழுக்கத்தான் ஆள் இல்லை.

நபீஸ் நேரத்தைப் பார்த்தார். அவருக்கு ரெயில் பிடிக்க வேண்டும், திரும்புவது ஞாயிறு. “டீச்சர், நீங்க இழுங்களேன்,” என்றார் போகிற போக்கில். இழுத்தேன். காற்று எல்லாம் என் கட்டுப்பல் இடுக்கால் போய், சுங்கானுக்குப் பதில் நான்தான் விசிலடித்தேன். நோபேட் அன்றைக்கு முதல்முறை சிரித்தார். ஆனால் கதிரையில் இருந்துவிட்டார். சுங்கானை மடியில் வைத்துக்கொண்டு, பழக்கதோசத்தில் வாய்க்கு எடுத்துப் போவதும், கன்னம் குழிவதும், திரும்ப மடியில் வைப்பதுமாக இருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

ஐறீன் குசினிக் கதவடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் ரோல்ஸ் மா. போய்க் கையைக் கழுவினாள். வந்து அவருக்கு முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இருந்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“கையால தொடமாட்டன் எண்டுதான் அந்தோனியாருக்குச் சொன்னனான்,” என்றாள். “வாயைப் பத்தி ஒண்டும் கதைக்கேல்ல. நீங்க பிடியுங்க.”

நோபேட் அவளையே பார்த்தார்.

“என்ன பாக்குறீங்க? கோயில் கொயரில ஒரு மூச்சில நாலு வரி பாடுறவள் நான். உங்கட டீச்சர் மாதிரி எண்டு நினைச்சீங்களா?”

அந்த நேரத்திலும் எனக்கு ஒரு குத்து.

அவர் சுங்கானைப் பிடித்தார். அவள் குனிந்து வாய் வைத்து, நிதானமாக, நீளமாக இழுத்தாள். விசில் நீளமாக வந்தது. நோபேட் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாய்க்குழலைக் கழற்றினார். மெஷினில் ஒரு மெல்லிய ஊசியைப் பூட்டி, ஆகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, விளிம்பைத் தொட்டார். வெளியே மழை பிடித்தது.

“நிப்பாட்டுங்க,” என்று ஐறீன் திடீரென்று சொன்னாள். “பசை கருகுது.”

அவர் கையை எடுத்துவிட்டார். வாலைத் தொட்டுப் பார்த்தார், சூடு ஏறியிருந்தது. இன்னும் ஒரு வினாடி போயிருந்தால் பசை இளகிச் சிப்பி எழும்பியிருக்கும். முன்பென்றால் அவர் மூக்கே முதலில் சொல்லியிருக்கும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர் மெஷினை நிறுத்திவிட்டு, ஊசியைக் கழற்றி, விரல்களுக்கு இடையில் வைத்துக் கையாலேயே திருப்பத் தொடங்கினார்.

அன்றைக்கும் அடுத்த நாளும் அந்த வீட்டில் இதுதான் நடந்தது. ஐறீன் கடைக்குப் போடுகிற ரோல்ஸ் ஒரு தட்டம் பொரித்து இறக்குவாள், கையைக் கழுவி வந்து, முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இருப்பாள், இழுப்பாள். அவர் கேட்பார், ஒரு துளி சீவுவார், ஊதித் துடைப்பதற்குப் பதில் தூரிகையால் தட்டுவார், திரும்பப் பூட்டிப் பிடிப்பார். அவள் இழுக்கிறபோது எதிரில் அவருடைய வாயும் தானாகவே சேர்ந்து இழுக்கும். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற தாய் தானும் வாயைத் திறப்பாளே, அப்படி. கன்னம் குழியும், தொண்டைக் குழியில் ஏதோ ஏறி இறங்கும். அவருக்கு அது தெரிந்ததாகத் தெரியவில்லை. நானும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மழை விட்ட நேரம், அவள் இழுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நோபேட் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொருமுறை என்று விரலைக் காட்டினார். அவள் நெஞ்சு நிறைய, வேகமாக இழுத்தாள். கீழே தெருவில் ஒரு பஸ் போகிற சத்தம்தான் கேட்டது. வால் இருந்த இடத்தில் இருந்தது. நான் கைதட்டினேன். வயது போன காலத்தில் எனக்கு ஏன் கண்ணீர் வந்தது என்று கேட்டால், சந்தோசத்தில்தான்.

சனிக்கிழமை நாகேந்திரத்தார் வந்தார். போன முறையை விட மெலிந்திருந்தார். கட்டைக்காகக் கையை நீட்டினவர் கையில் நோபேட் சுங்கானை வைத்தார்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துச் செட்டையைப் பார்த்தார். வெள்ளிக் கம்பியின் மேல் பெருவிரலை ஓட்டினார். “இது நான் கண்ட மீன்,” என்றார். “இதைத்தான் கண்டனான்.”  பிறகு வாயில் வைத்து மெல்ல இழுத்தார்.

“ஒரு சத்தமும் இல்லை. ஆர் இழுத்துப் பாத்தது? உமக்கு ஏலாதே.”

நோபேட் ஐறீனைக் காட்டினார். நேர்த்திக் கதையையும், கை கட்டின கதையையும் நான்தான் சொன்னேன். நாகேந்திரத்தார் சிரிக்கவில்லை, எழுந்து அவளுக்குத் தலை குனிந்தார்.

“அங்கிள், உள்ளதைச் சொல்லுறன்,” என்றாள் ஐறீன். “இதை உங்களுக்குக் குடுக்க எனக்கு முழு மனசில்ல. இவர் பட்டதைக் கண்ணால கண்டனான். நீங்க செய்ததை நாங்க சாகும்வரை மறக்கமாட்டம். ஒவ்வொரு நாளும் இரவில உங்கட பேரைச் சொல்லித்தான் செபம் முடிப்பன். அதாலதான் சொல்லுறன். குறைச்சுப் பிடியுங்க.”

“பிள்ளை, மகள் வீட்டுக்குள்ள பிடிக்க விடாள். பல்கணியில நிண்டுதான் பிடிக்கவேணும். அங்க இப்ப பனி கொட்டத் தொடங்கியிருக்கும். இந்த எலும்பை வச்சுக்கொண்டு நான் எவ்வளவு நேரம் வெளியில நிக்கலாம் எண்டு நீரே யோசியும்.”

அவள் யோசித்தாள். முகம் கொஞ்சம் தெளிந்தது. உள்ளே போய், எண்ணெய் வடியவைத்து வாழையிலையும் கடதாசியுமாகச் சுற்றிய ரோல்ஸ் பார்சலைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் பிடித்து அவரிடம் கொடுத்தாள். “இது என்ட கையால,” என்றாள்.

அவர் புறப்படக் கதவடிக்கு வந்தபோது நோபேட் முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. துணி மறைப்புக்குப் பின்னால் மூச்சு இரைந்தது, அவ்வளவுதான். மறுபடியும் முயன்றார். முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டார்.

நாகேந்திரத்தார் அவர் தோளைப் பிடித்தார். “ஒண்டும் சொல்லவேண்டாம், தம்பி. எஞ்சின் ஓடுது. எனக்கு அது காணும்.”

ஐறீன் அவரைக் கைபிடித்து முதலாவது வளைவு வரைக்கும் இறக்கிவிட்டு வந்தாள். கடைக்குக் கொடுக்கவேண்டிய ரோல்ஸ் மிச்சம் இருந்தது. அடுப்பில் எண்ணெயை வைத்து, ரோல்ஸை மாவில் தோய்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது. நோபேட் ஸ்டூலில் இருந்தார். கையில் சுங்கான் இல்லை. இருந்தும் வாய் தானாக அந்த இழுப்பை இழுத்தது, கன்னம் குழிந்தது.

“தேங்ஸ்.”

தவளை கத்தின மாதிரி, தடித்து, கட்டையாக ஒரு குரல். கதவடியில் யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் நான் திரும்பிப் பார்த்தேன்.

ஐறீனும் கதவைத்தான் பார்த்தாள். “அங்கிள் ஏதும் விட்டிட்டுப் போயிட்டாரா?” என்றாள்.

கதவடியில் ஒருவரும் இல்லை. நோபேட் எழுந்து நின்றுகொண்டிருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கே விளங்காத முகம். திரும்ப ஒருமுறை, மிஸ் பழக்கின மாதிரியே, காற்றைத் தொண்டைக் குழிக்குள் இழுத்தார்.

“தேங்ஸ்.”

பஸ் கொண்டக்டருக்கும் பாண்காரனுக்கும் நாங்கள் நாளாந்தம் சொல்லிவிட்டுப் போகிற சொல். அப்படி ஒரு பெரிய சொல்லை நான் அதற்கு முதல் கேட்டதில்லை.

ஐறீன் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஏப்பத்துக்கு வெட்கப்படவில்லை. நேரே அவளைத்தான் பார்த்தார். “அவர் நிக்கேக்க சொல்லியிருக்கலாமே,” என்று அழுகைக்குள் இருந்து அதட்டினாள். “அந்தப் பாவம் இவ்வளவு தூரம் வந்து…” நோபேட் இல்லையென்று தலையாட்டி, விரலை நீட்டி அவளைக் காட்டினார். முதலாவது உனக்கு.

 அவள் மாக் கையோடேயே அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். “சரி, எனக்குச் சொன்னது காணும். வாங்க. அவர் இன்னும் ஓட்டோவில ஏறியிருக்கமாட்டார். கெதியா வாங்க.” செருப்பும் போடாமல் இரண்டு பேரும் படியால் இறங்கி ஓடினார்கள்.

எண்ணெய் புகையத் தொடங்கியிருந்தது. அடுப்பை நிற்பாட்டிவிட்டு நான் பல்கணிக்குப் போய்த் தகரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். கீழே, மழைத் தண்ணீர் தேங்கின தெருவில், நாகேந்திரத்தார் ஓட்டோவுக்குள் ஏறி இருந்துவிட்டார். ஐறீன் அதன் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். நோபேட் குனிந்து அவர் பக்கம் முகத்தை நீட்டினார்.

நாலு மாடிக்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாகேந்திரத்தார் தலையை வெளியே சரித்துக் காதைக் கொடுத்தார். விளங்கவில்லைப் போல. ஓட்டோக்காரனின் தோளில் தட்டி எஞ்சினை நிற்பாட்டச் சொல்லிவிட்டு, இன்னொருமுறை காதைக் கொடுத்தார்.